எஞ்சினைத் திருடியவன் சொல்வது

கீழமுந்தலில்
பத்துக் குதிரை எஞ்சின் ஒன்று காணாமல் போன மறுநாள்
இரண்டு பேர் வந்தார்கள்.

எஸ்.ஐ. பிரிசில்லா, கோத்தகிரிக்காரி.
கட்டிப்போட்ட வள்ளத்தில் கால் வைத்ததற்கே வாந்தி.
கால்தடம் அளக்க
டெய்லர் டேப் வைத்திருந்தாள்.
அலை அழித்துவிட்டுப் போன பிறகும்
அந்த ஈரத்தை அளந்தாள்.

ஏட்டு நைனா முகமது
எதையும் அளக்கவில்லை.
கணவாய் என்ன விலை என்றார்.
கொட்டாவி விட்டார்.

"சாட்சியக் கேளுங்க, ஏட்டய்யா."
"கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன் மேடம்.
காத்து கச்சான்."

ஒரே குடைக்குள் நின்று
ஆளுக்கொரு திசை பார்த்தார்கள்.

நான் பின்னால் உட்கார்ந்து
வலை பொத்தினேன்.
மூன்று நாள்
பொத்தியதையே பிரித்துப் பொத்தினேன்.
சிரிப்பு வெளியே வராமல்
பீடியைக் கடித்தேன்.

நாலாம் நாள் சண்டை.
பருத்திப்பாலுக்கு யார் காசு கொடுப்பது என்று.
அவள் ஜீப்பில் போனாள்,
அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.
கேஸை மூடப்போவதாகப் பேச்சு.

அன்று ராத்திரி
உடைமரத்தடியைத் தோண்டி
எஞ்சினின் மூடியை மட்டும் கழற்றி
பாதையோரம் வைத்தேன்,
அவள் டேப்புக்கு எட்டும் தூரத்தில்,
அவர் ஒதுங்கும் நிழலில்.

விடிந்ததும் சேர்ந்து குனிந்தார்கள்.
மண்டைகள் முட்டிய சத்தம்
எனக்குக் கேட்டது.

மூடிக்குள் பீடித்துண்டு கிடந்திருக்கிறது.
அதை நான் வைக்கவில்லை.
அவள் பல்தடத்தை அளந்தாள்.
அவர் முகர்ந்தார்.
இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்,
முதல் தடவையாக ஒரே திசையில்.

இப்போது ஜீப்பில்
இருவருக்கும் நடுவில் நான்.
கண்டுபிடித்தது யார் என்று
சாயல்குடி தாண்டியும்
முடிவாகவில்லை.