இரண்டிலும் நான்கிலும்

படிவத்தில் ஏழாவது கட்டம்: வாசித்த கருவி.
சிம்பல், என்றார்.
எழுதி முடிப்பதற்குள்
பியானோவைத் தூக்கிக்கொண்டு அணிவகுக்க முடியாதே மிஸ், என்றார்
நான் கேட்காத கேள்விக்கு.

கார்ப்பரல் கிளமெண்ட் சூசைநாதன்.
பிறந்தது பினாங்கு, புலாவ் திக்குஸ்.
கடைசியாய் இருந்தது சுங்கை பெசி முகாம்.
வெளியே கோம்பாக் ஆறு நிரம்பிக்கொண்டிருந்தது.
அவருக்குப் பின்னால் பதினொரு பேர்,
ஈரக் குடைகள்,
கைக்குழந்தையோடு ஒரு விதவை.

மாதா கோயில் ஹார்மோனியத்தில் பழகிய விரல்.
கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன இசைத்தட்டுகளில்
கெட்டுப்போன காது.
பட்டாளத்தில்
நோட்டு படிக்கத் தெரியும் என்று சேர்த்துக்கொண்டு
தோளில் தொங்காத வாத்தியக்காரன் கையில்
இரண்டு பித்தளைத் தட்டுகளைக் கொடுத்தார்கள்.

அறுபத்து மூன்று பார் எண்ண வேண்டும் மிஸ்.
அறுபத்து நாலில் ஒரே ஓர் அறை.
எண்ணினேன்,
இருபத்தொரு வருஷம்.

(சேவைக்காலம்: 21. அதற்குக் கட்டம் இருக்கிறது.)

விடுப்புக் கிடைத்தால் இரவு ரயில்,
விடிந்தால் ஃபெரி,
பினாங்கு ரோட்டு ஓட்டலொன்றின் மாடியில்
மணிலாக்காரன் ட்ரம்பெட், செரானி ஒருவர் ட்ரம்,
உப்புக்காற்றில் ஊதிப்போய்
இரண்டு கட்டைகள் எழும்பாத பியானோ.
எழும்பாத கட்டைகளையும் அடிப்பேன், என்றார்,
அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டுமென்று
மற்றவர்களுக்குத் தெரியும்.

(இதற்குக் கட்டம் இல்லை.)

அணிவகுப்பில் எல்லாம் ஒன்றில் விழ வேண்டும்.
இடது கால். இடது கால்.
ஜாஸில் இரண்டிலும் நாலிலும்.
ஒத்திகையில் ஒருநாள் கால் தள்ளி விழுந்தது.
சார்ஜன் மேஜர் மைதானத்தையே நிறுத்தினார்.
ஏழு நாள் சமையற்கூடம், வெங்காயம்.
கத்தியும் தள்ளித்தான் விழுந்தது, மிஸ்.

சிரித்தார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
குழந்தை அழுதது.
கையெழுத்து இங்கே, என்றேன்.

பேனாவை வாங்கிக்கொண்டு எழுதாமல் சொன்னார்:
சாவு ஊர்வலத்தில் சிம்பலுக்கு வேலையில்லை.
மேளத்துக்குக் கறுப்புத் துணி சுற்றுவார்கள்.
நான் தட்டுகளை மார்போடு அணைத்து நடப்பேன்.
வெயிலில் பித்தளை காயும்.
சட்டையைக் கழற்றினால் நெஞ்சில்
இரண்டு சிவந்த பிறை.

ஹாஷிம் என்று ஒருவன். கிளாரினெட்.
ஓட்டலுக்கும் என்னோடு திருட்டுத்தனமாய் வருவான்.
லாரி கவிழ்ந்து போனான், குண்டுகூட இல்லை.
அவனை இறக்கும்போது
தாளில் எழுதாத இடத்தில்
விளிம்பை விளிம்பில் ஒருமுறை உரசினேன்.
இரண்டில்.
பிறகு நாலில்.
பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்காது.
சார்ஜன் மேஜருக்குக் கேட்டது.
அவர் கழுத்து மட்டும் கொஞ்சம் திரும்பிற்று,
பிறகு நேராய்ப் பார்த்துக்கொண்டார்.
அன்றைக்கு வெங்காயம் இல்லை.

கையெழுத்துப் போட்டார். சின்னக் கையெழுத்து.
மாதம் எத்தனை வெள்ளி வரும் என்று கேட்டார்.
சொன்னேன்.
அவ்வளவா, என்றார்; அது
அதிகம் என்றா குறைவு என்றா தெரியவில்லை.
குடையை மறந்துவிட்டு மழைக்குள் போனார்.

நான்கு பிரதி. நான்கு முத்திரை.
முதலாவதில் கை தூங்கிவிட்டது.
இரண்டாவதில் ஓங்கி விழுந்தது.
மேசைக் கண்ணாடி அதிர
வரிசை நிமிர்ந்து பார்த்தது.

நான்காவது பிரதியில் முத்திரை
ஏழாம் கட்டத்தின் கோட்டைத் தாண்டி
'சிம்பல்' என்ற சொல்லின் மேல் பாதி ஏறி நிற்கிறது.
புதுப் படிவம் எழுதச் சொன்னார் மேலதிகாரி.
எழுதவில்லை.
குடை இன்னும் என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது.