அறுபத்தெட்டு வீதம்

மேற்கே பார்த்து, கொஞ்சம் தெற்கே சரிந்து
நாற்பத்தெட்டுப் பாகை அண்ணாந்து:
அந்த ஒரு துண்டு வானம் போதும் எனக்கு.
மிச்ச வானத்தில் பருந்து பறக்கட்டும்,
மழை கருக்கட்டட்டும், என் கணக்கில் இல்லை.

முத்தையன்கட்டு இடதுகரை, வாய்க்காலோரம் மூன்றாவது வீடு.
வீட்டுத்திட்டம். முன்சுவருக்கு மட்டும் பூச்சு,
பின்சுவரில் கற்களை இன்னும் எண்ணலாம்.
ரீவி நேற்றே வந்துவிட்டது
லாண்ட்மாஸ்டர் பெட்டியில், இரண்டு மெத்தைக்கு நடுவில்.
பிள்ளைத்தாச்சியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிற வேகத்தில்
தவச்செல்வம் அண்ணை ஓட்டிவந்தாராம்.
அறுபத்தைந்து அங்குலம். நாலு கே.
முப்பத்தாறு மாதக் கட்டுக்காசு.
சுவரில் ஏற்றினால் சாமிப்படம் மூன்றும்
குசினிக்கு இடம்பெயர வேண்டும்.
"பெயரட்டும், பழக்கம்தானே"
நகுலேஸ்வரி அக்கா சிரிக்காமல் சொன்னார்.

கூரையில் ஏறி மீற்றரைப் பிடித்தேன்.
பன்னிரண்டு. ஒன்பது. பன்னிரண்டு.
நேரெதிரே விளாட் மாமரம்
வானத்தை மறித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி.

"அக்கா, உந்தக் கொப்பு ரெண்டையும் தறிச்சால்
சிக்னல் சும்மா பாயும்."
"கொப்பிலை கை வைக்கேலாது தம்பி.
இந்த வரியம்தான் முதல் பூத்தது.
டிஷ்ஷை வேணுமெண்டால் கக்கூசுக்கு மேலை பூட்டு."

பூட்டினேன்.

ஒரு காலம், இதே வேலை தலைகீழாய்.
வானம் தெரியாத இடம் தேடி அலைந்தோம்.
மரம் அடர்ந்த காணிக்குத்தான் மதிப்பு.
எனக்குப் பன்னிரண்டு வயது. மேலே வண்டு சுற்றும்.
கொடியில் காய்ந்த சிவப்புச் சட்டையை
அம்மா ஓடிப்போய் இழுத்தெடுப்பாள்.
பாலை மரத்தின் கீழே
இலைகள் அசைந்தன. நாங்கள் அசையவில்லை.

நாற்பது. ஐம்பத்தொன்று.
ஒரு நூல் இடது. மீற்றர் கீச்சிடத் தொடங்கியது.
அறுபத்தெட்டு.
"வந்திட்டுது!" உள்ளேயிருந்து டிலோஜினி.

முதலில் செய்தி. வாசிப்பவரின் மூக்கோரம்
பவுடர் ஒட்டாத இடம், தோட்டின் திருகாணி.
பிறகு எந்த நாட்டிலோ பந்தாட்டம்,
புல் தனித்தனிப் புல்லாய்.
ஒருவன் துப்பினான். அது தரையில் விழும்வரை பார்த்தோம்.
"சீ, இவ்வளவு கிளியர் தேவையோ" என்றார் அக்கா.
அண்ணை வாய் திறக்கவில்லை.
றிமோட்டின் பொலித்தீனை உரிக்காமலே
அழுத்திக்கொண்டிருந்தார்.

அப்புறம் வானிலை.
மேலிருந்து எடுத்த இலங்கை, பச்சையாய், முகில் நகர.
டிலோஜினி திரையில் மூக்கு முட்ட நின்று
விரலால் தேடினாள்.
"எங்கடை வீடு எங்கை?"
குளம்போல ஒன்று தெரிந்தது,
முகிலின் நிழலாகவும் இருக்கலாம்.
"இன்னும் கிட்டப் போனால் தெரியாதோ அண்ணா?"

வயர் சுருட்டிய கை நின்றுபோனது.

அன்றைக்கு மேலே சுற்றியதற்கும் ஒரு கண் இருந்தது.
அந்தக் கண்ணுக்கு, எங்கோ ஏசி ஓடும் ஓர் அறையில்
ஒரு திரை இருந்திருக்கும்.
அது எத்தனை அங்குலம்?
அம்மாவின் கையில் இருந்தது சட்டை என்று தெரிந்ததா,
சிவப்பு என்று தெரிந்ததா,
இரண்டாவது பொத்தான் இல்லாதது தெரிந்ததா?
தெரியாமல் நடந்ததா,
தெரிந்தே நடந்ததா?
இரண்டில் எது ஆறுதல் என்று
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

"தெரியாது பிள்ளை" என்றேன்.
"இது சும்மா முகில் பாக்கிறது."

காற்று எழும்பியது. மாங்கொப்பு ஒன்று ஆட
இலங்கை சதுரம் சதுரமாய் உடைந்து நின்றது,
மறுபடி சேர்ந்தது.
"காத்தடிச்சால் இப்பிடித்தான் அக்கா. மழைக்கும் வராது."
"மழை வந்தால் ரீவியை ஆர் பாக்கிறது,
வயலிலையெல்லோ நிப்பம்."
சீனி கூடின தேத்தண்ணி. பற்றுச்சீட்டில் கையெழுத்து.

அடுத்த வீடு மன்னாகண்டலில்.
போனில் விசாரித்தேன்.
சுற்றிவர ஒரு மரமும் இல்லையாம்.
வேலை சுகம்.