மூன்று கோடு

சோதனைக்குழாயில் அவள் சிறுநீரைக் காய்ச்சி
வெள்ளை திரள்கிறதா என்று பார்ப்பது
பால் காய்ச்சுவது போலப் பழகிவிட்டது.
இன்று தெளிவு.
நோட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

ஏழரை மணி. இட்லிக்குப் பிறகு
மூன்றரை மாத்திரை, பொடித்து, தேனில்.
“சாயங்காலம் குடுத்தா தூங்க மாட்டா.
நீங்களா நிறுத்திடாதீங்க.
இந்தக் கோவம் மருந்தோடது,
டோஸ் இறங்கினா இதுவும் இறங்கும்.”
டாக்டர் சொன்னதை
பஸ்ஸில் வரும்போதே அட்டையில் எழுதிக்கொண்டேன்.

காலையில்தான் கொடுக்கிறேன்.
ஆனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு
“சோறு போடு” என்று எழுந்து உட்காருகிறாள்.
போட்டால் “இது இன்னா சோறு?”
தட்டு சுவரில்.
நாலரை வயது மிதுனா.
யாரோ ஊதிக் கட்டிவிட்ட மாதிரி முகம்.

சத்துவாச்சாரி மாடி வீடு.
பகல் வெயில் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை.
கீழ்வீட்டு அம்மா பாதிப் படியில் நின்று கேட்டார்,
“ரெண்டு வெச்சா அடங்காதா?”
மாத்திரையால்தான் என்றேன்.
“மாத்திரைக்கு இன்னா தெரியும் கடிக்க?”
என் முழங்கையில் ஏழு பல்.

கடித்த இடத்தை
அவளே பிறகு தடவிக்கொடுத்தாள்.
“நான் கடிக்கலம்மா.
வாய் கடிச்சிச்சு.”
நம்பினேன்.

அடுத்த முறை டாக்டரிடம் காட்ட
நோட்டில் நானாக ஒரு கட்டம் சேர்த்தேன்: கோபம்.
ஒரு தடவைக்கு ஒரு கோடு.
நேற்று மூன்று.
அதில் ஒன்று என்னுடையது.
எது என்று
பிரித்து எழுதவில்லை.