டெலிவரி

காளவாசல் ஷோரூமில் முன்பணம் கட்டிய வாரம்
சுகந்திக்கு நாள் தள்ளிப்போனது.
இரண்டு சீட்டையும் ஒரே மஞ்சப்பையில் வைத்தேன்.

முதலில் வந்தது கவர்.
கிரைண்டருக்குப் போட்டுப் பார்த்தோம், தொளதொள.
சாவிக்கொத்தில் பாண்டி முனி
சாவியில்லாமல் சுற்றுகிறார்.
கார் நிற்கக் கழுவிவிட்ட இடத்தில்
தெருநாய் நாலு போட்டது,
புக்கிங் இல்லாமலே.

"சிப் வரலை சார்" என்றாள் ஜெரினா, ஏழாவது தடவை.
மடப்புரத்தில் காசு வெட்டிப் போடவா என்றேன்.
"போடுங்க சார், என் ஸ்கூட்டருக்கும் சேர்த்து."

கடைசியில் வில்லாபுரம் ஆட்டோதான்.
ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும்
சுகந்தி என்னைத்தான் திட்டினாள், கம்பெனியை அல்ல.
மூன்றே கால் கிலோ.
ஹாரன் பிரமாதம், ராத்திரி இரண்டு மணிக்கும்.

இன்று போன்:
"சார், அடுத்த வாரம் டெலிவரி!"
ஆயிருச்சும்மா என்றேன்.
"எந்த ஷோரூம் சார்?" பதறிப்போனாள்.

பெரியாஸ்பத்திரி.