அல்லது

ஹெலெனாவில் ஜனவரி. சட்டமன்றத்தின் செப்புக் கூரைமேல்
மூன்று நாள் பனி.
கீழ்த்தளத்தில், கொதிகலனுக்கு அடுத்த அறையில்
நான் மசோதா எழுதுகிறேன்.
அதற்குப் பெயர் செனட்டர் கேரிட்டி மசோதா.
காற்புள்ளிகள் மட்டும் என்னுடையவை.

போன தடவை எழுதியதை நீதிமன்றம் ரத்து செய்தது.
முப்பத்திரண்டு பக்கத் தீர்ப்பு,
அதில் பதினேழு பக்கம் ஒரே சொல்லைப் பற்றி.
'குழந்தையைக் காட்டும் அல்லது
காட்டுவதுபோல் தோன்றும் எந்தப் படமும்'
என்று எழுதியிருந்தேன்.
அன்றைக்கு அந்த அல்லது
கைக்குப் பாரமாகவே இல்லை.
விளக்கைப் போடுவதுபோல் போட்டேன்.

அந்தச் சொல்லின் சந்து வழியே யாரெல்லாம்
குற்றவாளிக் கூண்டுக்கு வந்துசேர்வார்கள் என்று
நீதிபதி எழுதியிருந்தார்:
காயத்தைப் பதிவுசெய்த பில்லிங்ஸ் ஆஸ்பத்திரிச் செவிலி.
தொட்டிக் குளியலில் பேரனைப் படமெடுத்த ஒருவர்.
ஒன்பது வயதில் தனக்கு நேர்ந்ததை
முப்பது வருடம் கழித்துக் கறுப்பு மையில் வரைந்த
ஐனஸ் ஓப்ரெக்ட்.
அவள் புத்தகத்தை மிசூலாவில் ஒரு கடைக்காரர்
அலமாரியிலிருந்து எடுத்து மேசைக்கடியில் வைத்துவிட்டாராம்.
யாரும் சொல்லவில்லை.
யாரும் சொல்லாமலே வைத்தார் என்பதுதான்
தீர்ப்பின் நடுப்பக்கம்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டேன்
என்று சொல்லிக்கொள்ளலாம்.
டெல்ஃபின் ராஸ்க்கைப் பார்த்த பிறகு
மூட்டைப்பூச்சி என்று சொல்ல வாய் கூசுகிறது.

பியூட்டில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறாள். வயது முப்பத்தொன்று.
சாட்சி சொல்ல வந்தபோது
ஒரு பூட்ஸ் பெட்டியைக் கொண்டுவந்தாள்.
எங்கோ ஒருவன் கணினியில் அவள் படம் பிடிபடும்போதெல்லாம்
அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது.
முதல் குளிர்காலத்தோடு பிரிப்பதை நிறுத்திவிட்டாள்.
"எட்டு வயதில் எடுத்தது," என்றாள்.
"அதற்கு இன்னும் எட்டு வயதுதான்."

அடுத்துப் பேசவேண்டியவர்
புத்தகக் கடைகளின் வக்கீல் ஹாலம் பிரைஸ்.
பெட்டியைப் பார்த்தார். தாளை மடித்துவிட்டார்.
ஆனாலும் எழுந்து பேசினார்:
"முதல் திருத்தம் அந்தப் படத்தைக் காக்காது.
காக்கச் சொல்லவும் நான் வரவில்லை.
அதன் பக்கத்தில் நிற்பவர்களுக்காக வந்தேன்."
யாரும் கை தட்டவில்லை.
கேரிட்டி கடிகாரத்தைப் பார்த்தார்.

நடைவழியில் டெல்ஃபின் என்னை நிறுத்தினாள்.
"அந்தச் சொல்லை எடுத்தால் எவனாவது தப்பிப்பானா?"

ஆறுதல் சொல்ல எனக்குச் சம்பளமில்லை.
"தப்பிப்பான்," என்றேன். "ஒருவன், இரண்டு பேர்."

கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினாள்,
அவசரமே இல்லாமல்.
"ஓப்ரெக்ட் புத்தகம் என்னிடம் இருக்கிறது.
லாரியில், இருக்கைக்குப் பின்னால்.
அந்தப் பெண் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பக்கம்.
அது நான்தான் என்று நினைத்தேன்.
அதை மேசைக்கடியில் போகவிடாதே."

இரவு பதினொன்று.
'அல்லது' போய்விட்டது, அதோடு பின்னால் வந்த
மூன்று சொற்களும்.
'மெய்யான ஒரு குழந்தை' என்று இருக்கிறது இப்போது.
'மெய்யான' என்பதைத் தட்டும்போது
கதவைப் பார்க்கும் பெண் நினைவுக்கு வந்தாள்,
அவள் மையால் ஆனவள்.

இயந்திரம் நாளை யாரோ ஒரு பிள்ளையின் முகத்தை எடுத்து
வேறு உடலில் ஒட்டும். அது மெய்யா?
அதற்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.
அதற்குக் கீழே இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

வெளியே ஒரு லாரி தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.
அவளுடையது இல்லை, பியூட் நூறு கிலோமீட்டர்.
இருந்தாலும் எழுந்து
ஜன்னல்வரை போனேன்.