பத்துக்கு எத்தனை

லாபிஸில் கடைசி லோரியும் எடை போட்டுப் போனபின்
சனிக்கிழமைகளில் சூங் வெய்யின் டயர்க்கடைக்குப் போவேன்.
கதவைப் பாதி இறக்கியிருப்பான்.
கவிழ்த்த தார் டிரம்மின் மேல் நான்கு கிளாஸ்.
ஐஸ் பெட்டிக்குள் குட்டை டின்கள்,
ஒவ்வொன்றிலும் யாரோ குடித்துவிட்டு வரைந்த படம்:
சைக்கிள் ஓட்டும் தவளை,
கண்ணாடி போட்ட டுரியான்.

ஹாப்ஸ் என்றால் ஒரு பூ என்று
பிரகலாதன் முதலில் சொன்னபோது
தலையில் வைக்கிற பூவா என்று கேட்டவள் யோகமலர்.
இப்போது நுரை அடங்கும் வேகத்தைப் பார்த்தே
எந்த ஊர்ச் சரக்கு என்பாள்.
கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற கை,
டின்னைத் திறந்தால் ஒரு சொட்டு சிந்தாது.

நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு.
ஆலைத் தராசில் செம்பனைக் குலைகளை
இருபத்தாறு வருஷம் எழுதியவன் என்பதால்.
கசப்பு, பத்துக்கு எத்தனை.
வாசம், பத்துக்கு எத்தனை.
சுருட்டோடு சேரும், சேராது.

சுருட்டு பிரகலாதன் கொண்டுவருவது.
நிக்கராகுவா என்பான்.
வரைபடத்தில் காட்டு என்றால் இருமுவான்.
இந்த ஊர் ஈரத்தில் அது ஊதிப்போய்ப்
பாதியில் அணையும் என்று
அரிசி டின்னுக்குள் மூன்று நாள் புதைத்து வைப்பான்.
அவன் வீட்டுச் சோற்றைப் பற்றி
அவன் மனைவிக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

நான் எழுதியவை:
பம்ளிமாஸ் தோல்.
மழை விட்டதும் வெட்டிய புல்.
கொய்யா, பழுப்பதற்கு முந்தின நாள்.
பைன் மரப் பிசின், பைன் மரத்தைப் பார்த்ததே இல்லை.
படித்துக் காட்டினால் தலையாட்டிக் குடிப்பார்கள்.

எல்லாம் புளுகு.

மார்ச் காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அன்று
ஆலைக் கழிவுக் குளம் நாறவில்லை.
பரவாயில்லையே, சுத்தம் பண்ணிவிட்டார்கள் என்றேன்.
மூக்கைப் பொத்திக்கொண்டே
மண்டோர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஏழு மாதமாகச் சோப்பு வெறும் வழுக்கல்.
மீன் குழம்பு வெறும் சூடு.
கசப்பு மட்டும் விட்டுப் போகவில்லை,
வாடகை பாக்கி வைக்காத ஒரே குடித்தனக்காரன்.
அதற்காகத்தான் வந்தேன்.
மற்றதையெல்லாம் இட்டுக்கட்டினேன்.

நேற்று சூங் வெய் டின்னைக் காட்டாமல்
எனக்கு மட்டும் மூன்று கிளாஸில் ஊற்றினான்.
முதலாவது, எலுமிச்சை இலை என்று எழுதினேன்.
இரண்டாவது, நட்சத்திரப் பழம்.
மூன்றாவதுக்குக் கொஞ்சம் துணிந்து,
மாதா கோயில் பெஞ்சு.

"மூணும் ஒரே டின்தான் லா," என்றான். "சாமா."

சண்டைக்கு வந்தவன் பிரகலாதன்.
ரெண்டாவதை நானும் ஒரு வாய் குடித்தேன்,
நட்சத்திரப் பழம் இருந்தது,
எனக்குத் தெரியாதா என்று
பத்தேகால் வரை கத்தினான்.

"எப்போதிலிருந்து?" என்றாள் யோகமலர்.
சொன்னேன்.
பையிலிருந்து கிளினிக் கத்தரிக்கோலை எடுத்து
ஒரு சுருட்டின் நுனியை நறுக்கி நீட்டினாள்.
"இழுத்து விழுங்காதே. வாயில் வை.
மேலே ஒரு மடக்கு கசப்பு.
அப்புறம் மிச்சப் புகையை மூக்கு வழியாக விடு."

கண் எரிந்தது. வேறொன்றும் இல்லை.
இரண்டாம் முறை இருமல்.
மூன்றாவதில்,
பெரிய ரோட்டில் ஒரு லோரி கடக்கிற நேரம்,
மூக்குக்குப் பின்னால் எங்கோ
புளித்து, அழுகி, மேலே எண்ணெய் மிதக்க
குளம்.
அப்புறம் லோரி போய்விட்டது.

நோட்டைத் திறந்து தேதி போட்டேன்.
டின்: தவளை.
வாசம்: ஆலைக் கழிவுக் குளம்.
பத்துக்குப் பத்து.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த பிரகலாதன்
பேனாவைப் பிடுங்கி
கீழே கிறுக்கினான்:
சேராது.