நான்கு மைக்ரான்

காலை ஐந்தே முக்கால்.
அவுட்ரம் பார்க்கில் முதல் ரயில் வந்திருக்கும்.
பனித்தட்டில் மெழுகுக் கட்டிகள்
குளிர்ந்து கிடக்கின்றன,
பெயரில்லாமல், எண்களாக.

முதலாவது, யாரோ ஒருவரின் இதயம்.
இதயம் என்பது கூடுதல்.
கழுத்துச் சிரை வழியே இடுக்கி இறங்கிக்
கிள்ளி வந்த ஐந்து துணுக்கு,
எள்ளைவிடக் கொஞ்சம் சிறிது.
முன்பு வேறொருவர் மார்பில் அடித்தது,
இரண்டு மாதமாக இவருக்குள்.
உடம்பு அதைத் தன்னது என்கிறதா,
விருந்தாளி என்கிறதா?
டாக்டர் குவெக் எட்டு மணிக்கு வந்து சொல்வார்.

கத்தி நகர, நாடா நாடாவாக மெழுகு.
வெந்நீரில் மிதக்க விட்டால்
சுருக்கத்தைத் தானே நீவிக்கொள்ளும்.
ஸ்லைடைச் சாய்த்து அள்ளும்வரை
மூச்சு விடக் கூடாது.
நான்கு மைக்ரான். தும்மினால் போச்சு.

சாயம் இரண்டு.
இளஞ்சிவப்பு ஆலையில் பிறந்தது.
ஊதா, ஏதோ ஒரு மரத்தின் வைரத்திலிருந்து.
மரத்தின் நடுவை வைரம் என்று
சொல்லத் தெரிந்த மொழி எங்களது என்றேன்
நூர்ஹைடாவிடம் ஒருநாள்.
ஆங்கிலத்தில் அதுதான் மரத்தின் இதயம் என்றாள்,
கையுறையைக் கழற்றியபடி.

லென்ஸுக்கடியில்
இதயத்தசை கிளைவிடுகிறது.
ஒரு கை இந்தச் செல்லோடு,
மறு கை அந்தச் செல்லோடு.
குறுக்கே நெசவுபோல் மெல்லிய வரி.
நடுவில் கரு.
செல்லும் செல்லும் சேரும் இடத்தில்
படிபடியாய் இறங்கும் ஒரு கோடு, இடைத்தட்டு.
நம் ரயிலில் பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே
கதவில்லாத வளைவு இருக்கிறதே,
உட்லண்ட்ஸில் ஏறியவன் போனில் கத்துவது
கடைசிப் பெட்டிவரை நடந்து போகுமே,
அப்படித்தான் துடிப்பும் போகிறது.

கருவின் இரு முனையிலும் பழுப்புத் துகள்,
வயதின் துரு.
கொடுத்தவர் ஐம்பதைத் தாண்டியிருப்பார்.
இழைகளுக்கு இடையே
கடுகு சிந்தியதுபோல் ஊதாப் புள்ளிகள்.
எண்ணக் கூடாது, அது என் வேலையில்லை.
எண்ணிவிட்டேன்.

இரண்டாவது ஸ்லைடு இன்றைய வரிசையில் இல்லை.
போன செப்டம்பரில் காப்பறைக்குப் போனது.
நூர்ஹைடாதான் வெட்டினாளாம், எண்ணை மட்டும் பார்த்து.
சாயம் ஏறிய பிறகுதான்
படிவத்தில் என் பெயர் கண்டாளாம்.
விதிப்படி நான் கேட்கக் கூடாது. கேட்கவில்லை.
நேற்று என் லாக்கரில்
பையில் தொங்கிய கோப்பி ஓ கோசோங்குக்குப் பக்கத்தில்
அது இருந்தது.

கருப்பையின் மென்தசை.
இதற்கு வரியில்லை, படியில்லை.
இரு முனையும் கூம்பிய கதிர்கள்,
உள்ளே சுருட்டுபோல் நீண்ட கரு.
ஒரு கட்டு நெடுக ஓட,
அடுத்த கட்டு குறுக்கே வெட்டுப்பட்டுப்
புள்ளிகளாய் நிற்கிறது.
நடுவில் சுழன்று சுழன்று இறுகிய இடம்.
இதைத்தான் ஒன்பது வருடம் சுமந்தேனா?
மாதம் மூன்று நாள் விடுப்பு,
மின்தூக்கியில் பதினாலாம் மாடிவரை
“இன்னும் ஒண்ணும் இல்லையா?” என்பவர்களுக்கு
ஒரு சிரிப்பு.

சில கருக்கள் திருகாணிபோல் முறுகியிருந்தன.
இறுகும்போதே ஃபார்மலினில் நின்றுபோனவை.
பாடநூலில் உள்ளதுதான், புதிதல்ல.
ஆனாலும்,
வெளியே எடுத்த பிறகும்
எதையோ பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

இதயத்துக்கு ஆயிரம் பேர் பாட்டெழுதுவார்கள்.
இதற்கு யார் இருக்கிறார்கள்?
கண்பாவையைச் சுருக்கும்,
குடலை உருட்டும்,
ரத்தக்குழாயைப் பிடிக்கும், விடும்,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

நூர்ஹைடா பின்னால் வந்து நின்றாள்.
“குவெக் வந்துட்டார்” என்றாள்,
வேறெதுவும் சொல்லவில்லை.
முழங்கைவரை மயிர் சிலிர்த்து நின்றது.
ஒவ்வொரு மயிரின் அடியிலும்
துளி மென்தசை உண்டு.
ஏசியைக் கூட்டிவிட்டார்கள்போல என்றேன்.
போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.
இருபத்து மூன்றுதான்,
எப்போதும் போல.